கோரையா, பைனஸா? அலஸ்தோட்டத்து மணல் வளவுக்கு எது சரி

அலஸ்தோட்டம் வளவு | வெள்ளி, மாலை 6.20

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். மரம் செடி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் வளவு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், 18 பேர்ச். கடலுக்கு நடந்தால் ஏழெட்டு நிமிடம். முன்பக்கம் முழுக்க மணல், ஊற்றின தண்ணீர் போன இடம் தெரியாது. பின்பக்கம் கிணற்றடி பள்ளம். கார்த்திகை, மார்கழி மழைக்கு அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் ஒரு கிழமையாவது நிற்கும். இப்போது ஆவணியில் அதே இடம் காய்ந்து இறுகிப்போய்க் கிடக்கிறது.

கனடாவில் இருக்கும் தம்பி அடுத்த வருடம் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப் போகிறான். தன் வீட்டு முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். படிக்கட்டுக்கு ஒரு பக்கம் மஞ்சளும் பச்சையுமாகப் புல் போல வளைந்து விழும் ஒரு பற்றை. மறுபக்கம் உருண்டையாக ஒரு சின்னப் பைன், நம் ஆட்கள் பைனஸ் என்பது. "அக்கா, இந்த இரண்டில் ஒன்றையாவது அங்கே வையுங்கோ. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு செடி வாசலில் நிற்கட்டும்" என்கிறான். பிள்ளைகளுக்காகக் கேட்கிறான், எனக்கும் செய்துகொடுக்க ஆசை.

விசாரித்தால் அந்தப் புல், புல்லே இல்லையாம், கோரைக் குடும்பமாம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. மல்லிகைப் பாத்தியில் ஆறு வருடமாகக் கோரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பைனை 'கிறிஸ்மஸ் மரம்' என்று ஒரு இடத்தில் விற்கிறார்கள், கன்று 2500 ரூபாய். எதை வைக்கலாம்? எதைத் தொடவே கூடாது?


ஸ்காபரோத் தோட்டம் | வெள்ளி, இரவு 9.05

அக்கா, நான் உப்புவெளிப் பிள்ளைதான், இங்கே கனடாவுக்கு வந்து இருபது வருடம். உங்கள் தம்பி சொல்லும் இரண்டும் என் வாசலிலும் நிற்கின்றன.

மஞ்சள் கோடு போட்ட பற்றை 'கேரெக்ஸ்'. கோரைக் குடும்பத்தில் பெரிய கிளை அது, ஏறக்குறைய 2000 இனம் இருக்கிறது, பெரும்பாலும் குளிர் தேசத்துக்காரர். படத்தில் உள்ளது ஜப்பானிலிருந்து வந்த இனமாக இருக்கும். ஒரு அடி உயரத்துக்கு மேல் போகாது, கிழங்கு விட்டு ஓடாது, இருந்த இடத்திலேயே பற்றையாகத் தடிக்கும். பனி கரைந்த பிறகு கையுறை போட்டுக்கொண்டு தலை வாருவது போல விரலால் வாரினால் காய்ந்த இலை எல்லாம் கையோடு வரும். கையுறை கட்டாயம். இலை விளிம்பு அறுக்கும்.

உருண்டைப் பைன் 'மியூகோ'. ஐரோப்பிய மலைகளில் பாறைக்கு நடுவே வளர்வது, அதனால்தான் குட்டையாக இருக்கிறது. வசந்தத்தில் ஒவ்வொரு கிளை நுனியிலும் புதுத் தளிர் மெழுகுதிரி ஏற்றி வைத்தது போல நேராக நிற்கும். அது விரிய முன்னம் பாதியை விரலால் ஒடித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால்தான் அந்த உருண்டை. பிந்திப்போய்ப் பழைய தடியில் வெட்டினால் அங்கே திரும்பத் தளிர்க்காது, மொட்டையாகவே நிற்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இங்கே பைன் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசி கழிந்தால் சித்திரை வரைக்கும் தெருவில் உள்ள மரமெல்லாம் வெறும் கொம்பு. அந்த மாதங்களில் கண்ணுக்கு ஒரு பச்சை வேண்டும் என்றுதான் வாசலில் பைன் நிற்கிறது. நம் ஊரில் வேம்பும் புன்னையும் வருடம் முழுக்கப் பச்சை. அந்தக் குறையே அங்கே இல்லை, அக்கா.


தம்பலகாமத்து வயல் | சனி, காலை 5.50

தங்கச்சி, கோரையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நான் வயல்காரன், பயத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் புல்லா கோரையா என்று பார்க்கப் பழகுங்கள். தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். புல் உருளும், இடைக்கிடை கணு தட்டுப்படும், ஒடித்தால் உள்ளே குழல். கோரை உருளாது. மூன்று பட்டை விரலில் முட்டும், கணு இருக்காது, உள்ளே பஞ்சு போல நிறைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் இலை மூன்று திசைக்குப் பிரிந்து நிற்கும், புல்லுக்கு இரண்டே திசை.

உங்கள் மல்லிகைப் பாத்தியில் இருப்பது முத்தக்காசு, கோரைக்கிழங்கு என்று மருந்துக்கடையில் விற்பதும் அதுதான். வெளியே கறுப்புத் தோல், கடித்தால் உள்ளே வெள்ளை, ஒரு மணம் வரும். அந்தக் கிழங்குகள் நிலத்துக்குள் மணிமாலை மாதிரி ஒரே நூலில் கோத்திருக்கும். மாலை அறாமல் இருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைக்கும், மற்றது பெரும்பாலும் உறங்கும். நாம் மண்வெட்டியைப் போட்டுக் கொத்தியதும் மாலை அறுந்து ஒவ்வொரு மணியும் தனித்தனியாக முளைக்கும். ஒன்றைக் கொத்தப் போய்ப் பத்து வந்தது என்று சனம் சொல்வது உண்மையிலேயே நடக்கிற காரியம். மேலே பொலித்தீன் விரித்தால் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

இப்போது நல்ல நேரம். அலவாங்கால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறுங்கள், மண்ணைப் புரட்டிக் கிழங்கை வெளியே எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். நன்றாகச் சுருங்கிக் காய்ந்தால் செத்துவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை, மழைக்கு முன் மூன்று தரமாவது. முளைத்து வருவதற்கு நிழல் பிடிக்காது, அதனால் அந்தப் பாத்தியில் அடர்த்தியாக எதையாவது வளர்த்து நிலத்தை மூடுங்கள்.


உவர்மலை மேடு | சனி, காலை 10.30

பைனஸ் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் மலைநாட்டிலிருந்து ஐந்து கன்று கொண்டுவந்தேன். ஐப்பசியில் முதல் மழைக்கு நட்டேன். தை மாதம் ஒவ்வொன்றும் ஒரு சாண் வளர்ந்திருந்தது. பங்குனியிலும் பிழையில்லை. வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியது. கச்சான் அடிக்கிற நாளில் எங்கள் மேட்டில் காயப் போட்ட துணி எடுக்கப் போவதற்குள் மொறுமொறுத்துவிடும், அப்படிக் காற்று. ஊசியிலையின் நுனி முதலில் செம்பட்டையானது. பிறகு பாதி. பிறகு அடிவரைக்கும். காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஆடிக்குள் நான்கு போய்விட்டது.

ஐந்தாவது கன்று சுவரோரம் நின்றதால் தப்பியது. அதற்கு மார்கழியில் முடிவு வந்தது. வாடைக்காற்று கடலிலிருந்து உப்புத் தூவானத்தை அள்ளிக்கொண்டு வந்து அடிக்க, கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகி, வீட்டைப் பார்த்த பக்கம் பச்சையாக நின்றது. பாதி எரிந்த மாதிரி. அதைப் பார்க்கவே முடியவில்லை, நானே பிடுங்கிவிட்டேன். நம் வெக்கைக்குப் பைனஸ் சரிவராது, அக்கா.


பதுளைப் பிள்ளை | சனி, பிற்பகல் 2.15

நான் பதுளை, திருகோணமலையில் படித்தவள். எங்கள் பக்கம் மலை மலையாகப் பைனஸ் நிற்கிறது, 1970, 80களில் பெருவாரியாக நட்டது. தாத்தா காலத்தில் அதெல்லாம் மானாப்புல் மேடு.

காட்டுக்குள் போனால் ஊசியிலை மெத்தை போட்டது மாதிரி விழுந்து கிடக்கும். இறக்கத்தில் செருப்போடு நடந்தால் வழுக்கிக் கொண்டு போகும். கீழே பெரிதாக ஒன்றும் முளைத்திருக்காது. ஆடி, ஆவணிக் காய்ச்சலில் ஒரு பொறி பட்டால் போதும், அந்த மெத்தையே திரியாக மாறி மலை எரியும். மரத்தில் பிசின் வேறு. பைனஸ் வந்த பிறகு ஊற்று வற்றியது என்று எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் மனம் நொந்துதான் பேசுவார்கள். வீட்டோடு ஒட்டி வைக்கிற மரம் இல்லை அது.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பைனஸ் காட்டுக்குள் காற்று போகிற சத்தம் கடல் இரைச்சல் மாதிரியே இருக்கும். திருகோணமலைக்கு வந்த முதல் கிழமை, உப்புவெளிக் கரையில் கண்ணை மூடி நின்றபோது எனக்கு ஊர்தான் ஞாபகம் வந்தது. உங்கள் தம்பி ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்குகிறது.


கிண்ணியாப் பேத்தி | சனி, இரவு 8.40

தம்பலகாமத்து ஐயா சொன்னதில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். முத்தக்காசு ஒன்றை வைத்துக்கொண்டு கோரைக் குடும்பம் முழுவதையும் தள்ளி வைக்காதீர்கள். பாய் இழைக்கிற பன்னும் கோரைதான், அது எங்கே போகும்?

எங்கள் மூத்தம்மா பன்பாய் இழைத்தவர். சதுப்பில் ஆளுயரம் நிற்கும் பன்னை அடியோடு அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். பச்சையில் அது விரலில் வழுக்கும். வெயிலில் நாலைந்து நாள் கிடந்தால் வைக்கோல் நிறத்துக்கு வரும். பிறகு அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சாயம் போட்டு முக்கி எடுப்பார். சிவப்பும் ஊதாவும் காயும்போது முற்றமே கலியாண வீடு மாதிரி இருக்கும். நிலத்தில் குந்தியிருந்து, இழைத்த பகுதியைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஏற்றி ஏற்றி இழைப்பார். அந்தப் பாயில் படுத்தால் கோடையில் முதுகு குளிரும். முதல் மழை ஈரத்துக்குப் பாயிலிருந்து ஒரு குளத்து மணம் எழும், இப்போது நினைத்தாலும் மூக்கில் நிற்கிறது. இன்றைக்கு எங்கள் வீட்டிலேயே பிளாஸ்டிக் பாய்தான்.

கிணற்றடிப் பள்ளத்தை வைத்துக்கொண்டு அக்கா பைனைத் தேடுகிறாரே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. மாரியில் தண்ணீர் நிற்கிற இடம், வருடம் முழுக்கக் குளித்த தண்ணீர் போகிற இடம். அது கோரைக்கு என்றே கிடைத்த இடம்.


பழைய போதனாசிரியர் | ஞாயிறு, காலை 7.10

விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நல்ல இழை, எல்லாரும் கையால் செய்து பார்த்ததை எழுதுகிறீர்கள். சிலதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

உவர்மலைத் தம்பி, வெக்கை தாங்காமல் செத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் நட்ட பைனஸ் பெரும்பாலும் கரிபிய இனம். அதன் பிறந்த ஊர் கியூபா, ஹொண்டுராஸ், பெலீஸ் பக்கம். கடல் மட்டத்திலேயே, நம்மைப் போன்ற வெக்கையில் வளர்கிற மரம் அது. ஆகவே வெக்கையில் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு ஒரு கேள்வி: கன்றைக் கொண்டுவரும்போது வேர் மண்ணோடு கொண்டுவந்தீர்களா, கழுவினீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், பைனின் வேர் தனியே சாப்பிடாது. ஒருவகைப் பூஞ்சணம் வேர் நுனியைச் சுற்றிப் போர்வை போலப் பிடித்துக்கொண்டு மண்ணிலிருந்து பொஸ்பரசை இழுத்துக் கொடுக்கும், மரம் அதற்குச் சீனி கொடுக்கும். பைன் இல்லாத நாடுகளில் முதன்முதலாக நட்டபோது கன்றுகள் மஞ்சளித்துக் குறுகிப்போயின. பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து நாற்றுமேடையில் கலந்த பிறகுதான் எழும்பின. நம் கடற்கரை மணலில் அந்தப் பூஞ்சணம் இல்லை, சிப்பித்தூள் கலந்திருப்பதால் மண்ணின் புளிப்பும் குறைவு. போதாததற்குக் கச்சான், வாடை உப்பு. கன்றுக்கு நாலு பக்கமும் சிக்கல்.

தப்பிப் பிழைத்தாலும் அது எழுபது, எண்பது அடி போகிற மரம். 18 பேர்ச்சில் அதற்கு இடமில்லை. மியூகோ வேறு கதை, அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், அதை நம்மால் கொடுக்க முடியாது.

பைன் இனங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையும் வட அரைக்கோளத்துக்காரர். சுமாத்திராவில் ஒரே ஒரு இனம் மட்டும் தானாகப் பூமத்திய ரேகையைத் தாண்டிப் போயிருக்கிறது. இலங்கைக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது.

சரி, இப்போது தங்கச்சிக்கு: உங்களிடம் விற்பதாகச் சொல்லும் 'கிறிஸ்மஸ் மரம்' பைனே அல்ல என்று நினைக்கிறேன். கன்றைப் போய்ப் பாருங்கள். பைன் என்றால் ஊசி இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒரே அடியில் கட்டாக வரும், கட்டின் அடியில் சின்ன உறை இருக்கும். ஊசி தனித்தனியாகக் கொப்பைச் சுற்றி நெருக்கமாக இருந்து, கிளை தட்டுத் தட்டாக விரிந்திருந்தால் அது அரோக்கேரியா. பார்த்துவிட்டு எழுதுங்கள்.


உவர்மலை மேடு | ஞாயிறு, காலை 8.00

ஐயா, கழுவித்தான் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பாரம் என்று மண்ணை உதறி, வேரைக் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்தேன். எட்டு வருடம் வெக்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.


அலஸ்தோட்டம் வளவு | ஞாயிறு, மாலை 5.30

எல்லாருக்கும் நன்றி. போய்ப் பார்த்தேன். ஒரு ஊசியைப் பிடுங்கினேன், தனியே வந்தது, கட்டு இல்லை, உறை இல்லை. கிளைகள் தட்டுத் தட்டாக, ஒவ்வொரு தட்டிலும் ஐந்து. ஐயா சொன்ன அரோக்கேரியாதான் போல.

பக்கத்தில் 'கனடாப் புல்' என்று மஞ்சள் கோடு போட்ட ஒன்றையும் காட்டினார்கள். உருட்டிப் பார்க்கத் தண்டே இல்லை. இலை மெதுவாக, சாறுள்ளதாக இருந்தது. நடுவிலிருந்து நீளக் கம்பி போல ஒன்று தொங்கி, நுனியில் குட்டிச் செடி இருந்தது. கிளறிக் காட்டச் சொன்னேன், வேர் வெள்ளையாகத் தடித்திருந்தது.

எங்கள் கிணறு ஆவணி, புரட்டாதியில் கொஞ்சம் சவர்க்கும். தேநீர் போட்டால் தெரியும். அதையும் சொல்ல மறந்துவிட்டேன்.


பழைய போதனாசிரியர் | ஞாயிறு, இரவு 7.45

அந்தக் 'கனடாப் புல்' ஸ்பைடர் பிளாண்ட். கோரையும் இல்லை, புல்லும் இல்லை. ஆனால் உங்கள் தம்பி படத்தில் உள்ள அந்த வளைந்து விழும் தோற்றத்துக்கு நம் ஊரில் அதுதான் கிட்ட வரும். வெளிமுற்றத்து வெயிலில் கருகும், படிக்கட்டு நிழலில் சாடியில் வையுங்கள். மழைத்தண்ணீர் ஊற்றினால் நுனி காயாது. கேரெக்ஸைத் தேடி அலைய வேண்டாம்.

அரோக்கேரியா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் காசு இழந்திருக்கிறார்கள். பசுபிக் கடலில் உள்ள நோர்போக் என்ற சின்னத் தீவின் மரம் அது. கப்டன் குக் 1774இல் அந்தத் தீவைக் கண்டபோது கப்பல் பாய்மரத்துக்கு ஏற்ற மரம் என்று குறித்துக்கொண்டார். கடல் காற்று, உப்புத் தூவானம், மணல் மூன்றையும் தாங்குவதால் உலகம் முழுக்கக் கடற்கரை ஊர்களில் வைக்கிறார்கள். ஊசியிலை மரம் வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால் நம் கரைக்கு இதுதான்.

வாங்கும்போது உச்சியைப் பாருங்கள். நேராக ஒரு தனிக் குருத்து மேலே போக வேண்டும். பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்த கன்று எத்தனை வருடம் போனாலும் சரிந்தே வளரும், நிமிராது. உச்சிக் குருத்தை ஒருநாளும் வெட்ட வேண்டாம், அழகு போய்விடும். ஒரே சாடியில் மூன்று நான்கு கன்று நெருக்கி வைத்து அடர்த்தி காட்டி விற்பதும் உண்டு. நிலத்தில் வைத்தால் இதுவும் மின்கம்பியைத் தாண்டிப் போகும். பெரிய சாடியில் வைத்தால் பல வருடம் உங்கள் தோள் உயரத்தில் நிற்கும். முதல் இரண்டு கச்சானுக்கு அரை நிழல் கொடுங்கள்.

இலை அடியில் வந்து விழுந்து மண் புளித்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். பைனுக்கும் அப்படித்தான், சனம் சொல்கிற அளவுக்கு இல்லை.

தம்பலகாமத்து நண்பரின் உருட்டும் சோதனை நல்லது. ஆனால் குளத்தோரத்தில் உருண்டைத் தண்டுள்ள கோரை இனங்களும் உண்டு, அதையும் நினைவில் வையுங்கள்.


சாம்பல்தீவுக் கரை | திங்கள், காலை 6.30

சவுக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. தூரத்தில் பார்த்தால் பைன் மாதிரியே இருக்கும், ஆனால் அது பூக்கிற மரம். ஊசி என்று நினைப்பது மெல்லிய கொப்பு. கையில் எடுத்து இழுத்தால் துண்டு துண்டாகக் கழன்று வரும், ஒவ்வொரு மூட்டிலும் பல் போல இருப்பதுதான் இலை. மணலில் வளரும், உப்பு தாங்கும், காற்றிலிருந்து தழைச்சத்தை வேரில் பிடித்துக்கொள்ளும்.

இருந்தும் வீட்டுப் பக்கம் வைக்காதீர்கள். 2020 மார்கழியில் புரெவி புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரை ஏறிய இரவு எங்கள் ஒழுங்கையில் ஒரு சவுக்கு அடியோடு சாய்ந்து மதில் மேல் கிடந்தது. தண்ணீர் மட்டம் கிட்ட இருக்கிற மணலில் வேர் ஆழம் போகவில்லை, தட்டு மாதிரிப் பரந்து மண்ணோடு எழும்பியிருந்தது. அதே ஒழுங்கையில் நின்ற புன்னைக்குக் கொப்பு முறிந்ததோடு சரி. தோலிலை, பளபளப்பு, வெள்ளைப் பூ, நெருக்கமான நிழல். கடலோரத்து வாசலுக்குப் புன்னையைவிட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.


கோட்டையடி | திங்கள், காலை 9.10

ஒரு வரி. எங்கள் பக்கம் இரவில் மான் வரும். இளங்குருத்து எதையும் விடாது. சாடி வைப்பதென்றால் வேலிக்கு உள்ளே வையுங்கள்.


தம்பலகாமத்து வயல் | திங்கள், இரவு 8.20

கிண்ணியாப் பிள்ளை, பன்பாயில் படுத்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் வளவுக்குள் பன் வைத்தால் வேர்க்கிழங்கு ஓடும், விதை வடிகாலில் போகும். இங்கே வாய்க்காலில் இறங்கிவிட்டால் யார் பொறுப்பு? ஒரு போகம் களை பிடுங்கிப் பார்த்தால் என் கோபம் விளங்கும்.


கிண்ணியாப் பேத்தி | திங்கள், இரவு 9.00

ஐயா, உங்கள் கோபம் நியாயம். அதனால்தான் நேரே நிலத்தில் வைக்கச் சொல்லவில்லை. கிணற்றுக்குப் போடுகிற கொங்கிரீட் கொட்டு ஒன்றை நிலத்தில் இறக்கி, அடியைச் சீமெந்து போட்டு மூடி, உள்ளே குளத்து மண் நிரப்பி வைத்தால் வேர் எங்கும் ஓட முடியாது. பூங்கதிர் முற்ற முன்னம் அறுத்துவிட்டால் விதையும் இல்லை, பாய்க்கும் அந்தப் பருவம்தான் நல்லது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. சதுப்புகளை நிரவி வீடு கட்டிக்கொண்டு போகிறார்கள், பன் நிற்கிற இடம் குறைகிறது. நாலு வளவில் நாலு கொட்டு இருந்தாலாவது கன்று கேட்டால் கொடுக்க ஒரு இடம் இருக்கும்.


பழைய போதனாசிரியர் | செவ்வாய், காலை 6.50

கொட்டு நல்ல யோசனை, நண்பரின் பயத்துக்கும் அது பதில்.

பன் வரும்வரை தங்கச்சி குடைக்கோரையில் தொடங்கலாம். மடகஸ்கார் பக்கத்துச் செடி, நம் வீடுகளில் பல காலமாக இருக்கிறது. இடுப்பு உயரத்துக்கு வெறும் தண்டு, உச்சியில் குடைக்கம்பி போல இலை விரியும். யார் வீட்டிலாவது ஒரு குடையைக் கேளுங்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை. தண்டில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக ஒரு கோப்பைத் தண்ணீரில் போடுங்கள். தண்டு மேலே, குடை கீழே. இரண்டு மூன்று கிழமையில் குடையின் நடுவிலிருந்து வேரும் முளையும் வரும்.

குளிக்கிற தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம் கலந்ததென்றாலும் அதற்குப் பாதகமில்லை. கழிவறை கழுவும் குளோரின் மட்டும் வேண்டாம். கிணறு சவர்க்கிற இரண்டு மாதமும் இலை நுனி காயலாம், மழைக்குத் திரும்பிவிடும். தண்ணீர் தேங்கி நின்றால் நுளம்பு முட்டை இடும், டெங்கு நேரம். கொட்டில் தண்ணீர் தெரியாதபடி மேலே ஒரு சாண் மணல் போடுங்கள். ஈரம் இருந்தால் போதும், குளம் தேவையில்லை.


ஸ்காபரோத் தோட்டம் | செவ்வாய், இரவு 10.15

தலைகீழாக வைப்பதைப் படித்துவிட்டு என் மகள் இன்றைக்கே செய்து பார்க்க வேண்டும் என்கிறாள். இங்கே அதை வீட்டுக்குள் ஜன்னலடிச் செடியாக விற்கிறார்கள். பனிக்கு வெளியே நிற்காது. அங்கே கிணற்றடியில் சும்மா நிற்கிறது!


அலஸ்தோட்டம் வளவு | தை மாதம், ஞாயிறு, மாலை 4.40

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மல்லிகைப் பாத்தியை மழைக்கு முன் மூன்று தரம் கிளறிக் காயப் போட்டேன். நாலு வாளி கிழங்கு வந்தது. முற்றாகப் போகவில்லை, ஆனால் இந்த மாரியில் கையால் பிடுங்கித் தீர்க்கிற அளவுக்குத்தான் முளைத்தது. கிழங்கில் கொஞ்சத்தைக் கழுவிக் காயவைத்து அம்மாவிடம் கொடுத்தேன், காய்ச்சலுக்குக் குடிநீர் அவிக்க வைத்திருக்கிறார்.

அரோக்கேரியா வாங்கினேன். ஐயா சொன்னபடி நேர்க்குருத்து உள்ள ஒன்றாகப் பார்த்து எடுத்தேன். வாசல் விறாந்தையில் சாடியில் நிற்கிறது. மார்கழி வாடை முழுக்க அடித்தது, ஒரு ஊசி கருகவில்லை. படிக்கட்டு நிழலில் ஸ்பைடர் பிளாண்ட் இரண்டு சாடி. முன் மணலில் சாம்பல்தீவுக்காரர் சொன்ன புன்னை, இப்போது எட்டு இலை.

குடைக்கோரை பக்கத்து வீட்டு அக்கா தந்தது. கோப்பையில் போட்டுப் பதினாறாம் நாள் வெள்ளை வேர் கண்டேன். கிணற்றடியில் வைத்ததில் இன்றைக்கு எண்ணினேன், இருபத்து மூன்று குடை. மழைக்கு அந்த இடத்தில் தண்ணீர் நின்றது, ஆனால் மூன்றாம் நாள் வடிந்துவிட்டது. செடியாலா, இந்த முறை மழையின் போக்காலா, இரண்டு மாரி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். அவன் அரோக்கேரியாவைப் பார்த்து "இது நம் வீட்டுப் பைன் இல்லையே" என்றான். மகள் கிணற்றடியைத்தான் பார்த்தாள். "மாமி, அந்தக் குடைக்குக் கீழே நான் நிற்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஆறு வயது. சித்திரையில் வருகிறார்கள், அதற்குள் அவள் உயரத்துக்கு வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

கொங்கிரீட் கொட்டு இறக்கி அடியைச் சீமெந்தால் மூடியாயிற்று, தம்பலகாமத்து அண்ணாவே இரண்டு சாக்குக் குளத்து மண் அனுப்பிவைத்தார். கிண்ணியாப் பேத்தி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பேன். பன் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வேர் மண்ணைக் கழுவ வேண்டாம்.